சோடா மூடி

காரைக்குடி. கல்லூரி ஆண்டு விழா.
மைக்செட் நான். வைரவன் சவுண்ட்ஸ், கழனிவாசல்.
இருபத்தாறு வருடமாக என் தொழில்
இரைச்சலைக் கொல்வது.

நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பெயர்
டெண்டாய், ஜிம்பாப்வே, எம்.எஸ்ஸி. முதலாண்டு.
என்ன வாத்தியம் தம்பி?
எம்பிரா, என்றான்.
மிக்ஸரில் ஒட்டும் காகிதப் பட்டையில்
எம்பிரான் என்று எழுதிவிட்டேன்.
கோயில் கச்சேரிப் பழக்கம்.

ஒரு பலகை.
அதன்மேல் அடித்துத் தட்டையாக்கிய
இருபத்து நான்கு இரும்பு நாக்கு.
மொத்தத்தையும் பெரிய சுரைக்குடுக்கைக்குள் இறுக்கி
விளிம்பெல்லாம் சோடா மூடி.

கட்டைவிரலால் ஒன்றைத் தட்டினான்.
ஸ்பீக்கர் முழுக்க வண்டு.

எர்த் பார்த்தேன். வயர் மாற்றினேன்.
ஜெனரேட்டர்காரனைக் காரணமில்லாமல் திட்டினேன்.
கடைசியில் ட்ரெபிளின் கழுத்தைப் பிடித்து அமுக்கியதும்
வண்டு செத்தது.
கூடவே அவனும் போய்விட்டான்:
மேடையில் விரல் ஆடுகிறது,
கேட்பதோ
யாரோ எங்கோ கரண்டி கழுவும் சத்தம்.

இறங்கி வந்தான். கோபமில்லை.
அண்ணா, அதைத் திருப்பிக் கொடுங்க, என்றான்
என் சட்டைப்பையில் இருப்பதைப்போல.
சுத்தமான குரலுக்கு
எங்க ஊர்ல செத்தவங்க திரும்பிப் பார்க்க மாட்டாங்க.
உயிரோட இருக்கிறவங்களும்தான்.

திருகை விட்டேன்.

வலது கை மூன்று மூன்றாகப் போகிறது.
இடது கை இரண்டிரண்டாக.
இரண்டுக்கும் நடுவில்
அவன் தட்டாத ஒரு மெட்டு
என் காதில் ஏறுகிறது, விரலைப் பார்த்தால் இல்லை,
கண்ணை மூடினால் இருக்கிறது.
எது தம்பி முதல் அடி?
ஓடுகிற ஃபேனைக் காட்டினான்.
இதில் எது முதல் இறக்கை?

சாயங்காலம் எண்ணூறு பேர்.
முன்வரிசையில் சந்தன மாலைகள்.
பாதி வரி பாடினான்,
மீதியைப் பாடாமல் நின்றான்.
இன்னொரு தடவை அதே பாதி.
நின்றான்.
எண்ணூறு தலையும் திரும்பி என்னைப் பார்த்தது,
மைக் செத்துவிட்டதாம்.

மூன்றாவது முறை
கேன்டீன் வாசலில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த முத்துக்கருப்பி
கையைத் துடைக்காமலே போட்டாள் ஒரு குலவை.
முளைப்பாரி தூக்கும்போது போடுவது.
மைக் இல்லாமல் கூரைத் தகரம்வரை போய்
அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

டெண்டாய்க்குக் கண் விரிந்தது.
அம்மா! என்றான், தமிழிலா அவன் மொழியிலா தெரியாது,
வரியை மறுபடி வீசினான்.
இப்போது சாக்கோட்டைப் பக்கத்து ஹாஸ்டல் பிள்ளைகள்
பத்துப் பன்னிரண்டு நாக்கு சுழன்றது.
ஒரு வார்த்தைகூடப் புரியாத பாட்டில்
எங்கே நுழைய வேண்டும் என்பது மட்டும்
அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

பிறகு விரல் நீட்டி என்னைக் கூப்பிட்டான்.
மேடையோரம் ஒரு பிஸ்கட் டின், உள்ளே புளியங்கொட்டை.
குலுக்குங்க அண்ணா. இங்க சும்மா யாரும் நிக்கக் கூடாது.
மிக்ஸரைப் போட்டது போட்டபடி விட்டுப் போனேன்.
இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.
என் குலுக்கல் தப்பியது.
தப்பியதைச் சுற்றி
அவன் கட்டைவிரல் ஒரு வளைவு வளைந்து
அதற்கும் இடம் போட்டுக் கொடுத்தது.
முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
எட்டாவது நிகழ்ச்சி, பரதம், சலங்கையோடு காத்திருந்தது.
சலங்கையும் சும்மா இல்லை.

ராத்திரி வயர் சுருட்டும்போது
மேடையில் ஒரு மூடி கிடந்தது.
அழுந்தித் துடைத்தால் எழுத்து:
பன்னீர் சோடா, தேவகோட்டை.
வழியில் எங்கோ விழுந்ததற்குப் பதில்
நம் ஊர் மூடியை மாட்டியிருக்கிறான் பாவி,
வித்தியாசமே தெரியவில்லை.

மறுநாள் கானாடுகாத்தானில் கல்யாணம்.
நாதஸ்வரக்காரர் சீவாளியை எடுத்துவிட்டுச் சொன்னார்,
வைரவா, எங்கேயோ என்னமோ இரையுது, பாரு.
பார்க்கிறேன் என்றேன்.
ஸ்பீக்கர் பெட்டி மேல்
மூடி ஆடிக்கொண்டிருந்தது.